தகட்டுக்கு வைத்த பொட்டு

கச்சிராயபாளையம்,
ஐப்பசி, ஞாயிறு.

அன்பு மாமாவுக்கு, உங்கள் செந்தமிழ்ச்செல்வி எழுதுவது.

இங்கே அத்தையும் உங்கள் தங்கை தனுஷாவும் நலம். எனக்கும் நோய்நொடி ஒன்றுமில்லை. உங்களைத் தேடுகிறது, அவ்வளவுதான். போனில் 'சாப்ட்டியா' என்று கேட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

ஆயுத பூஜையன்று ஒரு கூத்து. மோட்டாருக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்த அத்தை, 'தண்ணி எறைக்கறதே இந்தத் தகடுதான், இத்த வுட்டா சாமி இன்னா நெனைக்கும்' என்று சோலார் தகடு ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பிவிட்டார். மறுநாள் கரும்புக்குத் தண்ணீர் நூலாக வந்தது. மோட்டார் போச்சு என்று அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார்! ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும் வரிசையே சோர்ந்துபோகும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடுமே என்று விடியற்காலையில் கழுவித் துடைத்தேன். வெயில் ஏறியதும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

சாண எரிவாயு அடுப்புதான் மழை தொடங்கியதிலிருந்து முணுமுணுக்கிறது. தகட்டுக்கு வெளிச்சம் போதும், சாணக் குழிக்குச் சூடு வேண்டும் என்பீர்களே, அதேதான். குழியைச் சுற்றி வைக்கோல் அணைத்திருக்கிறேன். மாடியில் நீங்கள் மாட்டிய வெந்நீர்த் தொட்டி, வெயில் அடித்தால் கை வைக்க முடியாமல் சுடுகிறது. சாயங்காலம் அலுத்து வந்து குளிக்க நீங்கள் இல்லை. அந்தக் குழாயைத் திறந்தாலே எனக்கு அழுகை வருகிறது.

இனி, நான் செய்த காரியம். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்த மாயவன் என்பவர், நம் வயலில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து நின்றார். தகடு மாட்டியது நீங்கள்தான் என்று சொன்னேன். அவர்கள் ஊரில் சோலார் விளக்கெல்லாம் அணைந்து கிடக்கிறதாம். 'பாக்கறதுக்கு ஒருத்தரும் மலை ஏறி வர மாட்டேங்கறாங்கம்மா, உங்க வூட்டுக்காரரு எப்ப வருவாரு' என்று கேட்டார். 'தைக்கு வந்துடுவாரு, அப்புறம் இங்கதான்' என்று என் வாய் சொல்லிவிட்டது. அதிலிருந்து மலைக்காரர்கள் யார் சந்தைக்கு இறங்கினாலும் நம் வீட்டுக்கு ஒரு எட்டு வந்து உங்களை விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

ராஜஸ்தான் கம்பெனியில் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்பதாகச் சொன்னீர்கள். போடாதீர்கள் மாமா. அங்கே தகடு மாட்ட ஆயிரம் பேர் வருவார்கள். இந்த மலைக்கு ஏறிப் போக ஆளில்லை. எனக்கும் வேறு ஆளில்லை.

உங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது தப்புதான். வாயாரத் திட்டுங்கள். போனில் மட்டும் வேண்டாம், வந்து திட்டுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
செல்வி