பொறு, பாக்குறேன்

ஜனவரி 12, ஞாயிறு

இன்று ஒரு கோலை ரத்து செய்தேன். பந்து அவருக்கு அனுப்பப்பட்ட நொடியில், கோல் போட்டவரின் தோள் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி முன்னால் இருந்தது. தோள்கூட இல்லை, சட்டைக் கையின் மடிப்பு. திரையில் கோடு வரைந்து பார்த்தால் நூல் அளவு இடைவெளி. நூலென்றாலும் ஆஃப்சைட் ஆஃப்சைட்தான்.

அரங்கமே எழுந்து கத்திக்கொண்டிருந்தது. நான் ஊருக்கு வெளியே, ஜன்னல் இல்லாத அறையில், வீடியோ நடுவராகத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து மைக்கில் "பொறு, பாக்குறேன்" என்றேன். மைதானத்தில் நின்ற நடுவர் காதில் விரல் வைத்தார். தூக்கிய கைகளெல்லாம் தூக்கியபடியே நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கின.

என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை முன்னும் பின்னும் ஓட்டுகிறவருக்கு ரீவைண்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். "மேடம், அந்தாளு சட்டையை இஸ்திரி போட்டுட்டு வந்திருந்தா கோல்" என்றார். சிரித்துவிட்டேன். முடிவு சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜனவரி 15, புதன்

அண்ணன் சாப்பிட வந்தான். பஸ் ஓட்டுகிறவன். ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று பஸ்ஸில் எழுதிப் போட்டிருப்பதால், பேச வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து எங்கள் வீட்டில் வந்து கொட்டுவான். நான் வேலை பார்க்கிற முதல் பிரிவு ஆட்டங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டானாம். இப்போது சனிக்கிழமையானால் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானம்தான். மூன்றாம் பிரிவு.

"மேல என்னடி இருக்கு, விசிலு?" என்றான். நான் களத்தில் நடுவராக ஓடிய காலத்தில் வைத்த பெயர், இன்னும் விடவில்லை. "பந்தை இங்கேர்ந்து அங்க, அங்கேர்ந்து இங்கன்னு தள்ளிட்டே இருக்கானுங்க. யாரு ஜெயிப்பான்னு சீசன் ஆரம்பிக்கும்போதே தெரியும். அதையும் மீறி ஒரு கோல் விழுந்தா, நீ ஒருத்தி உள்ள உக்காந்துக்கிட்டு பொறுங்குற."

"கீழ மட்டும் என்ன வாழுதாம்?"

"கீழ யாருக்கும் ஒழுங்கா ஆடத் தெரியாது. அதனால எது வேணா நடக்கும்."

"தப்பு நிறைய இருந்தா அது விறுவிறுப்பாண்ணா?"

"ஆமா" என்றான், யோசிக்காமல்.

ஆமாவாம்! முதல் பிரிவில் ஒருத்தன் ஓடிக்கொண்டே வானத்திலிருந்து வரும் பந்தைக் காலால் நிறுத்துகிற அழகு, இவன் பார்க்கிற மைதானத்தில் மொத்தப் பேரும் சேர்ந்தாலும் வராது. இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் கை கழுவிவிட்டுப் போன பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ஜனவரி 25, சனி

களத்திலிருந்து என்னை இந்த அறைக்கு அனுப்பிய முழங்காலை மருத்துவரிடம் காட்டினேன். இனி ஓடலாமாம். "ஆனா எதுக்கு ஓடணும்? இப்போ உக்காந்துதானே வேலை?" என்றார் மருத்துவர். நியாயமான கேள்வி.

பிப்ரவரி 9, ஞாயிறு

இதை எழுதாமல் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலு பள்ளியிலிருந்து ஓடிவந்தாள். ஷூகூடக் கழற்றவில்லை. "அம்மா! ஸ்கூல் டீம்ல என்னை எடுத்துட்டாங்க!" என்று கத்தினாள். முகமெல்லாம் சிவந்து, ஒரு கை தலைக்கு மேலே.

நான், பெற்ற தாய், என்ன சொன்னேன் தெரியுமா?

"பொறு. கோச் உறுதியா சொன்னாங்களா?"

கை இறங்கியது. உள்ளே போய் ஷூவைக் கழற்றினாள். பின்னாலேயே போய்க் கட்டிக்கொண்டேன், சூப்பர் என்றேன், முத்தம் கொடுத்தேன். எல்லாம் செய்தேன். "சரிம்மா" என்றாள். பெரிய மனுஷி மாதிரி.

இறங்கின அந்தக் கையை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! திரையில்.

பிப்ரவரி 20, வியாழன்

வாலு நேற்றுப் பயிற்சி ஆட்டத்தில் கோல் போட்டாளாம். எனக்கு இன்று காலை இவர் சொல்லித்தான் தெரியும்.

"என்கிட்ட ஏன் சொல்லலையாம்?"

இவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவர். பதில் சங்கடமாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார். "நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்கப்பான்னா."

"வேற என்ன சொன்னா?"

"அம்மா ரெண்டு தரம் கேப்பாங்க, நீங்க ஒரு தரம்தான் கேப்பீங்கன்னா."

இவர் கடைக்குப் போன பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். ச்சே, இதற்கெல்லாமா அழுவது? அழுதேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 24, திங்கள்

நடுவர் குழுத் தலைவர் கூப்பிட்டார். என் அறை வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். முதல் பிரிவு, எல்லாப் பெரிய ஆட்டங்களும். "உன் கண்ணு மாதிரி யாருக்கும் இல்லம்மா. நீ அந்த அறையிலயே இருந்துடு" என்றார். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மறுபடி களத்துக்கு வர முடியுமா என்று கேட்டேன். மேலே இடமில்லை, வேண்டுமானால் ஓட்டத் தேர்வில் தேறி மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்கலாம் என்றார். சொல்லிவிட்டு, நான் விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 1, சனி

அண்ணனோடு டிப்போ மைதானத்துக்குப் போனேன். அவன் சொல்வது தப்பு என்று நிரூபிக்கத்தான் போனேன். அதை எழுதிவைத்துக்கொள்கிறேன்.

ஆட்டம் மோசம். ரொம்பவே மோசம். பாதி நேரம் பந்து வானத்தில் இருந்தது. ஒருத்தர் எதிரில் ஆளே இல்லாமல் இருக்கும்போது பந்தைச் சுவருக்கு வெளியே அடித்தார். வெளியே யாரோ காரை நிறுத்தி இறங்கித் திட்டிவிட்டு, பந்தை உள்ளே எறிந்தார்கள். அதற்குத்தான் பெரிய கைத்தட்டல். "பாத்தியா?" என்றான் அண்ணன், ஏதோ அவனே ஏற்பாடு செய்ததுபோல.

அப்புறம் அண்ணன் டீம் கோல் போட்டது. கோல்கீப்பர் வழுக்கி விழ, பந்து யார் காலிலோ பட்டு உருண்டு உள்ளே போனது. சுற்றி இருந்த எல்லாரும் குதித்தார்கள். அண்ணன் முன் வரிசைக்காரரைக் கட்டிப்பிடித்து உலுக்கினான். நான் உட்கார்ந்தே இருந்தேன். நடுவர் காதில் கை வைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய திரை எங்கே என்று தேடினேன். அங்கே திரையும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை. நடுவர் திரும்பி நடுக்கோட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

பின்னால் இருந்த பெரியவர் என் தோளைத் தட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார். "ஏம்மா, எதிர் டீமா? உங்க ஆளுங்க அந்தப் பக்கம் உக்காருவாங்க."

அண்ணன் வீடு வந்து சேரும்வரை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு முன்னெல்லாம் குதிக்கத் தெரியும்.

மார்ச் 8, சனி

அண்ணனிடமிருந்து போன். மூச்சு வாங்குகிறது. அவன் டீமுக்கு எதிராக அநியாயப் பெனால்டியாம், தோற்றுவிட்டார்களாம். "கண்ணு அவிஞ்சு போன நடுவர்டி! பந்து கையில படவே இல்ல! உங்க டிவி மட்டும் அங்க இருந்திருந்தா..."

"இருந்திருந்தா?"

"வை போனை" என்றான்.

நாள் முழுக்க நல்ல மனநிலையில் இருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் கோபமும் நியாயம்தான். தோற்றவர்களுக்கு அது விறுவிறுப்பா? அந்தக் கோல்கீப்பருக்கு இன்று எப்படி இருக்கும்? எங்கள் அறையில் அந்தப் பெனால்டி பிழைத்திருக்காது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்படியென்றால் எனக்கு என்னதான் வேண்டும்?

மார்ச் 14, வெள்ளி

காலையில் பூங்காவில் ஓடினேன். வலிக்கவில்லை. இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஷூவில் சேறு. "ஓட்டத் தேர்வுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பிரிவு ஆட்டம் நல்ல ஆட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தப்பில்லாமல் செய்ய வேண்டும் என்று எல்லாரும் உயிரைக் கொடுக்கிறார்கள், நானும்தான். ஆனால் அங்கே ஒன்று நடந்தால் நடந்தது என்று யாரும் நம்புவதில்லை. சரி என்று நான் சொன்ன பிறகு இரண்டாவது தடவை கத்துகிறார்கள். அந்தக் கத்தலில் உப்பு இல்லை. நானும் அப்படி ஆகிவிட்டேன். வாலு என்னிடம் எதையும் முதலில் சொல்வதில்லை.

"கீழ போனா திட்டுவாங்களே" என்றார். "அதுவும் கண்ணாடிக்கடைக்காரன் பொண்டாட்டிக்கே கண்ணு தெரியலைன்னு சொன்னா என் வியாபாரம் என்ன ஆகுறது?"

"உங்க கடைக்கு விளம்பரம்தான்."

"அப்போ போ" என்றார்.

மார்ச் 27, வியாழன்

தேறிவிட்டேன். கடைசிச் சுற்றில் நாக்கு தள்ளிவிட்டது, ஆனாலும் தேறிவிட்டேன்.

தலைவருக்கு போன் செய்தேன். "மேலேர்ந்து கீழ போறேன்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்லம்மா" என்றார். கோபம் இல்லை, குழப்பம்தான். அறை வாசல்வரை ரீவைண்டு வந்து வழியனுப்பினார். "அங்க போய் ரீவைண்டுன்னு கூப்பிட்டுடாதீங்க மேடம், யாரும் வரமாட்டாங்க."

ஏப்ரல் 5, சனி

முதல் ஆட்டம். பார்த்துப் பார்த்து டிப்போ மைதானத்தையே கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் வெறும் ரசிகன்தானே, விதியில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. அவனும் வாலுவும் இவரும் மூன்றாவது வரிசையில்.

கடைசி நேரம். ஒன்றுக்கு ஒன்று. அண்ணன் டீம் அடித்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டு, நேரே கீழே விழுந்து, வெளியே துள்ளியது. கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, கோட்டின் மேலேயா? மொத்த மைதானமும் "கோல்" என்று எழுந்தது. கொடி பிடித்தவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

விசில் ஊதினேன். அப்புறம் என் இரண்டு கைகளும் தாமாக எழுந்து, ஆள்காட்டி விரல்களால் காற்றில் ஒரு பெரிய சதுரம் வரைந்தன. டிவியில் பார்க்கிறோம் என்கிற சைகை.

டிவி! அந்த மைதானத்தில் ஸ்கோர் பலகையே கையால் மாட்டுகிறார்கள்!

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள்... இரண்டு டீமும் சிரித்தது. கோல்கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாராவது வீட்டுக்குப் போய் டிவி எடுத்துட்டு வாங்கப்பா!" என்று ஒரு குரல். அண்ணன் குரல்தான்.

காது மடல் சுட்டது. ஓடி ஒளிய இடமில்லை. இருந்தது என் கண்ணும், கண்ணில் நின்ற அந்த ஒரு காட்சியும்தான். பந்து கோட்டைத் தொட்டதைப் பார்த்தேன். பார்த்தேனா? பார்த்தேன். கோல் இல்லை என்று கையை வீசினேன்.

சிரித்த அத்தனை பேரும் திட்டினார்கள். சொந்த அண்ணன் எழுந்து நின்று, "கண்ணாடி போட்டுட்டு வா!" என்றான். அதற்கு வாலு, "எங்கப்பா கடைக்கே வாங்க!" என்று திருப்பிக் கத்தினாளாம். அது எனக்குக் கேட்கவில்லை, இவர் சொன்னார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று வழியெல்லாம் சண்டை. "உள்ளதான் விழுந்துச்சு. சொந்தத் தங்கச்சியே கழுத்தறுத்துட்டா" என்றான் அண்ணன். கோடுதான் என்றேன். "எனக்கும் உள்ள போன மாதிரிதான் இருந்துச்சும்மா" என்றாள் வாலு. இவர் கண்ணாடியைத் துடைத்தார். சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கம்பியாக வைத்து, எலுமிச்சையைப் பந்தாக வைத்துத் திரும்பத் திரும்ப விளக்கினார்கள். யாரும் யாருக்கும் இறங்கி வரவில்லை. இந்த வீட்டில் ஒரு ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசி எத்தனை காலம் ஆயிற்று!

இன்று அண்ணன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து யாரோ போனில் எடுத்தது. "பாத்துட்டு அப்புறம் பேசு" என்று கீழே எழுதியிருக்கிறான்.

திறக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்னும் திறக்கவில்லை. கை அரிக்கிறது. தப்பாக இருந்தால் அது என் தப்பு, அதோடு நான் இருந்துகொள்வேன். அடுத்த ஆட்டத்துக்கு வேறு மைதானம்.

ஏப்ரல் 17, வியாழன்

சாயங்காலம் விசில் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஷூ சத்தம். "அம்மா!" என்று ஓடிவந்தாள் வாலு, ஒரு கை தலைக்கு மேலே.

நான் கத்திவிட்டேன். கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து, அவளைத் தூக்க முடியாமல் தூக்கி, இரண்டு பேருமாகக் கத்தினோம். முழங்கால் ஒரு வார்த்தை சொன்னது, நான் காதில் வாங்கவில்லை. மூச்சு வாங்கி இறக்கிவிட்ட பிறகுதான் கேட்டேன்.

"எதுக்குடி?"

கோல் போட்டாளாம். ஜெயித்துவிட்டார்களாம்.

சத்தம் கேட்டு இவர் உள்ளறையிலிருந்து வந்தார். "என்னாச்சு? என்னாச்சு?"

அவரிடம் வாலு இன்னும் சொல்லவில்லையாம்.