கையில் ஒரு கிளச்சு

பாய்,

இன்று காலை எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்தும் இடத்தில், புதிதாகக் குடிவந்த ஒருவர் தன் காரின் கதவுகளையெல்லாம் திறந்துபோட்டு இருக்கைகளுக்குத் தோல் பாலிஷ் தடவிக்கொண்டிருந்தார். மெழுகும் டர்பன்டைனும் கலந்த அந்த வாசனை. காய்கறிப் பையோடு லிஃப்டை நோக்கிப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஏதாவது வேண்டுமா என்று அவர் இந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை, வாசனை நன்றாக இருக்கிறது என்றேன். வினோதமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கீரையை இன்னும் எடுத்து வைக்கவில்லை.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. துக்கத்தை எழுத வரவில்லை. உங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது.

நாம் முதலில் சந்தித்தது சயன் சர்க்கிளில், மே மாத நடுப்பகலில். என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு பழைய பத்மினி காரை வாங்கிவிட்டு, அதை ஓட்டப் பயந்து, என்னைக் கற்றுக்கொள்ளச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். அவர் பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு வருவார், நான் ஓட்டுவேன். எண்பதுகளின் பம்பாயில் அந்தக் காட்சியைப் பார்க்க டாக்சிக்காரர்கள் கழுத்தைத் திருப்புவார்கள். அன்றைக்கு வண்டி சர்க்கிள் நடுவில் நின்றுவிட்டது. எத்தனை தடவை சாவியைத் திருப்பியும் உறுமிவிட்டு அடங்கியது. பின்னால் ஹார்ன். வீட்டுக்காரர் பேப்பரை மடிக்காமலே, "என்ன ஆச்சு?" என்றார்.

அப்போது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதுவும் பத்மினிதான், ஆனால் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ஜன்னலுக்குத் திரை, முன்னால் மஞ்சள் விளக்குகள், உள்ளே கருஞ்சிவப்புத் தோல் இருக்கைகள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் தலையை நீட்டி, என்ஜினில் பெட்ரோல் பம்ப் சூடாகியிருக்கும், ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும் என்று தமிழில் சொன்னீர்கள். எப்படித் தமிழ் என்று கண்டுபிடித்தீர்கள் என்று பிறகு கேட்டேன். பின்சீட்டில் விரிந்திருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்தேன் என்றீர்கள். பிறகு கதவைத் திறந்து, இடது காலில் மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தைக் கையால் தூக்கி வெளியே வைத்து, இறங்கி, சாய்ந்து சாய்ந்து வந்து, நீங்களே பானட்டைத் திறந்து, உங்கள் தோள் துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பியது. துண்டைத் திருப்பித் தர மறந்துபோனேன். மறுவாரம் எங்கள் செம்பூர் காலனியிலேயே தரைத்தளத்தில் நீங்கள் குடிவந்தபோது, துவைத்து மடித்து எடுத்துவந்து கொடுத்தேன். உங்கள் மனைவி அதை வாங்கிக்கொண்டு உங்களை ஒரு பார்வை பார்த்தார். அவரிடம் துண்டு தொலைந்துவிட்டதாகச் சொல்லியிருந்தீர்கள் போல.

காலனி வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில், ஞாயிறு காலைகளில் கார் வைத்திருந்தவர்கள் கூடுவோம். மில்லில் சூப்பர்வைசராக இருந்த குல்கர்னிதான் அந்தச் சபைக்குத் தலைவர் மாதிரி. அவர் காரின் டயரைக்கூடப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். இயந்திர வரைபடம் போடும் வேலையில் இருந்த நாயர், எதைக் கேட்டாலும் விரலால் தூசி படிந்த பானட்டின் மேல் படம் போட்டுத்தான் பதில் சொல்வார். அதனாலேயே அவர் தன் வண்டியைக் கழுவுவதில்லை என்பார்கள். மழைக்கு முன் வண்டியின் அடியில் பழைய என்ஜின் ஆயில் அடிக்க வேண்டுமா, கடல் காற்றுக்கு எந்தப் பெயின்ட் தாங்கும், என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பிளாஸ்டிக் பை கட்டினால் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்குமா என்று மணிக்கணக்கில் பேசுவோம். அரைகுறை இந்தி, கொஞ்சம் மராத்தி, தமிழ், மலையாளம், நடுவில் இங்கிலீஷ்.

அந்தக் கூட்டத்தில் அலங்காரத்துக்கு நீங்கள்தான். தாராவியில் உங்கள் பை தைக்கும் பட்டறையில் மிஞ்சும் தோலெல்லாம் எங்கள் கார்களுக்குள் வந்து சேர்ந்தது. ஸ்டியரிங் உறை, சீட் உறை, கண்ணாடித் துடைப்பான். உங்கள் வண்டி ரிவர்ஸ் போனால் ஒரு மெட்டு பாடும். அந்த மெட்டைக் கேட்டால் காலனி நாய்கள் எழுந்து நிற்கும். ஆனால் வண்டியை ரிவர்ஸ் எடுப்பது நீங்கள் இல்லை, உங்கள் பெரியம்மா மகன். ஊரிலிருந்து வந்து உங்களுக்கு டிரைவராக இருந்தவர். நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்து, சத்தத்தை வைத்தே, "இப்ப கியரை மாத்துடே" என்பீர்கள்.

ஒரு ஞாயிறு உங்களிடம் கேட்டேன், இவ்வளவு தெரிந்தும் நீங்கள் ஏன் ஓட்டுவதில்லை என்று. கேட்டு முடிப்பதற்குள் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"கிளச்ச மிதிக்க ஒரு கால் வேணும்லாக்கா. மத்ததுக்கெல்லாம் வலது கால் போதும். இந்த ஒண்ணுக்குத்தான் ஆள் வச்சிருக்கேன்."

சைக்கிள்கூட ஓட்டியதில்லை, நானே நகர்த்தி ஒரு வண்டி நகர்ந்தது கிடையாது என்றும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு யாருக்கோ ஹார்ன் ரிலே பற்றி விளக்கப் போய்விட்டீர்கள்.

அந்த வாரம் முழுக்க அது என்னோடு இருந்தது. ஆபீஸ் விட்டு மாட்டுங்கா வழியாக வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் என் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். பச்சை விழுந்ததும் அந்த ஆள் இடது கையால் கிளச்சைப் பிடித்து, அதே கையைத் திருப்பிக் கியர் போட்டுக்கொண்டு போனான். ஒரே கை. நம் பத்மினியிலும் கியர்த்தடி ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது கைக்குப் பக்கத்தில்தானே இருந்தது! நான் கிளம்ப மறந்துபோய்ப் பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் இதைச் சொன்னேன். நாயர் உடனே பானட்டில் கோடு போட ஆரம்பித்தார். கியர்த்தடியில் ஒரு பிடி, அதிலிருந்து ஒரு கேபிள், கேபிள் போய்க் கிளச் பெடலைக் கீழே இழுக்கும். குல்கர்னிக்குக் கோபம் வந்துவிட்டது. இது திரைச்சீலை மாட்டுகிற விஷயம் இல்லை, ரோட்டில் குழந்தைகள் குறுக்கே ஓடும், கேபிள் அறுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எல்லோரும் உங்களைப் பார்த்தோம். நீங்கள் இந்தியில் அவருக்குச் சொன்னதைத் திரும்பி என்னிடம் தமிழிலும் சொன்னீர்கள்.

"நான் ரோட்டுல ஓட்டியே தீருவேன்னு சொல்லலக்கா. முடியாதுன்னா விட்டுருதேன். ஆனா முடியாதுன்னு இதுவர மத்தவங்கதான் சொல்லியிருக்காங்க. நான் ஒரு தடவகூட முயற்சி பண்ணிப் பாக்கல."

அதற்கப்புறம் பல வாரங்கள் நம் காலனி ஒரு தொழிற்சாலையாகிவிட்டது. முதலில் பெடலில் ஒரு நீளக் கம்பியைப் பற்றவைத்தோம். அதை அமுக்கினால் கியர் போடக் கையில்லை. கியர் போட்டால் ஸ்டியரிங் பிடிக்கக் கையில்லை. வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து வாசலில் இருந்த குப்பை டிரம்மை உருட்டிவிட்டு நின்றது. உள்ளிருந்து உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டது. டிரம்மை நான்தான் இடித்தேன், என் வண்டி இடிக்கவில்லை, நானே இடித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே இறங்கினீர்கள். அடுத்து ஸ்கூட்டர் பிடியும் கேபிளும். கார் கிளச்சின் பாரம் அதற்குத் தாங்கவில்லை, கேபிள் அறுந்தது. இன்னொன்று. அதுவும் அறுந்தது. உங்கள் இடது உள்ளங்கை கொப்புளித்துப்போய், அதற்கும் தோலிலேயே ஒரு உறை தைத்துக்கொண்டு வந்தீர்கள்.

கடைசியில் வழி காட்டியது குல்கர்னிதான். அத்தனை நாளும் மரத்தடியில் பேசாமல் முறைத்துக்கொண்டே இருந்தவர், ஒரு ஞாயிறு பழைய இரும்பில் தேடி எடுத்த இரண்டு கப்பிகளையும் தடித்த எஃகுக் கேபிளையும் கொண்டுவந்து உங்கள் பானட்டின் மேல் வைத்தார். மில் தறிகளில் இப்படித்தான் பாரத்தைக் குறைப்போம் என்றார். கூடவே, கேபிள் ஒன்று அறுந்தால் தாங்க இன்னொன்றும் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்று நீங்கள் பிடியை இழுத்தீர்கள். பெடல் தானாகக் கீழே போயிற்று, ஆவி மிதித்த மாதிரி. உங்கள் பெரியம்மா மகன் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

உங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஆண்கள் கத்துவார்கள், நீங்கள் கத்த மாட்டீர்கள் என்றீர்கள். அதை நம்பித்தான் வந்தீர்கள், பாவம். தேவ்நார் பக்கம் காலியாகக் கிடந்த ரோட்டில் நான் கத்திய கத்தில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது. பின்சீட்டில் என் வீட்டுக்காரர், பேப்பரோடு. வண்டி நிற்கும்போதெல்லாம் நீங்கள் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பீர்கள். மேட்டில் வண்டி எடுக்க ஆண்டாப் ஹில் போனோம். வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குத் தாவுவதற்குள் இடது கை கிளச்சைப் பாதி விட்டிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் வண்டி பின்னால் உருளும். அந்தச் சரிவில் குடியிருந்தவர்கள் நம்மை அடையாளம் கண்டு, குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

லைசன்ஸ் வாங்கப் போன முதல் தடவை, காலைப் பார்த்ததுமே முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை குல்கர்னி டை கட்டிக்கொண்டு கூட வந்து, இங்கிலீஷில் வாதாடினார். வண்டியில் ஏறிய அதிகாரி மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், கூட்டத்தில் போகச் சொன்னார், திடீரென்று பிரேக் போடச் சொன்னார். திரும்பி வந்து இறங்கியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், இந்த சீட்டை எங்கே தைத்தீர்கள் என்று. பாஸ் என்று நமக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உங்கள் பெரியம்மா மகனைப் பட்டறையிலேயே கொள்முதல் பார்க்க வைத்துவிட்டீர்கள். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவர் நிம்மதியானார். ஆனால் நீங்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார மட்டும் கடைசிவரை பயந்தார்.

மழை விட்டதும் காலனிக் கார்களெல்லாம் கண்டாலா போவது என்று முடிவாயிற்று. ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் உம்மாவும் உங்கள் வண்டியில் இருந்தார். மலை ஏறும்போது நான் உங்களுக்கு நேர் பின்னால். செங்குத்தான ஒரு வளைவில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. நீங்கள் நின்றீர்கள். நான் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை. உங்கள் வண்டி உருண்டால் என் மேல்தான் வரும். என் வீட்டுக்காரர் முதல்முறையாகப் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். லாரி நகர்ந்தது. உங்கள் பின்விளக்குச் சிவப்பு அணைந்தது. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை பாய். பூ மாதிரி எடுத்துக்கொண்டு போனீர்கள். என்னுடையதுதான் பதற்றத்தில் ஆஃப் ஆகி, கொஞ்சம் பின்னால் உருண்டு, குல்கர்னியின் பளபளக்கும் பம்பரை முத்தமிட்டது.

மேலே போய் எல்லோரும் இறங்கினோம். உங்கள் உம்மாவும் இறங்கி, முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். நீங்கள் மட்டும் இறங்கவில்லை. கால் வலிக்கிறதா என்று ஜன்னலருகே வந்து கேட்டேன். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தீர்கள்.

"வலியெல்லாம் இல்லக்கா. இவ்வளவு நாளும் வண்டி எங்க நிக்குதோ அங்க என்னைய இறக்கி விடுவாங்க. இன்னிக்கு நான் உள்ள இருக்கிற வரைக்கும் இது என் கையில இருக்கு. கொஞ்சம் இருந்துட்டு வாறேன்."

டீயை ஜன்னல் வழியாகக் கொடுத்தோம். வடாபாவையும். நம் கூட்டம் முழுக்க உங்கள் வண்டியைச் சுற்றி நின்று சாப்பிட்டது. உங்கள் உம்மா வந்து ஜன்னலுக்குள் கையை விட்டு உங்கள் தலைமுடியைக் கோதிவிட்டார். குல்கர்னி பம்பரை மறந்து சிரித்தார்.

அதன்பிறகு நீங்கள் ஓட்டிய ஓட்டமெல்லாம் ஊருக்கே தெரியும். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு, பட்டறைக்கு, ஒரு தடவை திருநெல்வேலி வரைக்கும்கூட. நீங்கள் போன செய்தியைப் போனில் சொன்ன உங்கள் மகள், கடைசி வாரம்வரை வாப்பாதான் ஓட்டினார் என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

நான் இன்னும் ஓட்டுகிறேன். போன வாரம் செம்பூர் நாக்காவில், எனக்கு முன்னால் சிவப்பு 'எல்' ஒட்டிய ஒரு கார். சிக்னல் பச்சை ஆயிற்று. வண்டி துள்ளி நின்றது. மறுபடி கிளப்பி, மறுபடி நின்றது. பின்னாலிருந்து ஒரே ஹார்ன். எனக்குக் கை ஹார்ன் பக்கம் போகவே இல்லை. இறங்கிப் போய்ப் பின்னால் இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். முன் வண்டியில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, முகமெல்லாம் வேர்த்து, அழுகிற நிலையில். அவசரமே இல்லை, மெதுவாக எடும்மா என்று அவளிடம் இந்தியில் சொல்லிவிட்டு, அவள் கிளம்பும்வரை ரோட்டிலேயே நின்றேன். வண்டி ஆடி, முனகி, நகர்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டில் இருந்த என் மருமகள், "தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன் பாய்.