பொழுது விழுகிற பக்கத்து ஜன்னல்

என் சரசக்கா,

உன் தங்கச்சி கனகு எழுதுகிறேன். எங்கிருந்து என்று கேள். கோழிக்கோட்டுக் கடற்கரை ரோட்டில், மூன்றாம் மாடியில், மேற்கே ஜன்னல் வைத்த லாட்ஜ் அறையிலிருந்து. மேற்கே, அக்கா. இந்தத் தடவை திசையைக் கேட்ட பிறகுதான் என் பேரையே சொன்னேன்.

அறை எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் உன் காதில் ஏறாது. போர்வை வெயிலில் காய்ந்தது, மோந்து பார்த்தேன். தலையணை உறையில் கறை இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடப் பெருக்கியிருக்கிறார்கள், அது எல்லா லாட்ஜிலும் நடக்காது. சுடுதண்ணீர் மட்டும் காலையில்தானாம். மலைமேல் பெர்ன்ஹில் லாட்ஜில் இருபத்தாறு வருஷமாக வெளியூரார் வந்து தங்குகிற அறைகளைப் பார்த்துக்கொள்கிறவள் சொல்கிறேன், நம்பு.

மாமாவும் வந்திருக்கிறார். கீழே சிங்கிள் ரூமில் இருக்கிறார். உன் வீட்டுக்காரரைத் தேவாலாவிலிருந்து கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "அவ இல்லாம நான் எதுக்குங்க" என்று ஒரே பாட்டு. அவள் பார்க்காததை நாமாவது பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி, அவர் சட்டையை எடுத்து நானே பையில் வைத்தேன். காலையில் பஸ் ஏறினோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருந்தோம். இவ்வளவுதான் தூரம். உன் வீட்டு வாசலைத் தாண்டித் தினமும் இந்த ஊர் போர்டு போட்ட பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு உன்னை மேட்டுப்பாளையத்தில் ரயிலேற்றி மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போன புத்திசாலி நான்தான்.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் அல்லவா. நம் பேச்சில் சூரியனுக்குப் பொழுது என்று பேர். சாயங்காலமானால் "பொழுது உழுந்துருச்சு" என்போம், விழுந்துவிட்டது என்று அர்த்தம். பெர்ன்ஹில்லுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது நம் வீடு. நாலரைக்கெல்லாம் எதிர்மலை வெயிலைச் சுருட்டிக்கொள்ளும். அந்த வார்த்தையை எல்லோரும் சும்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ ஒருத்திதான் மல்லுக்கு நின்றாய்.

"எங்க உழுகுது? மலைக்குப் பொறத்தால போயி ஒளிஞ்சுக்குது. நெசமாலுமே உழுகறத ஒரு நாளாச்சும் பாக்கோணும் அம்மிணி" என்றாய். கல்யாணமாகித் தேவாலாவுக்குப் போனாய். அங்கே பாதி வருஷம் மழை, மீதியில் பனிமூட்டம். பொழுது ஒளிந்ததா விழுந்ததா என்றுகூடத் தெரியாத ஊர். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து போனில் பேசும்போதெல்லாம் கடலில் பொழுது விழுகிற கதைதான்.

சரி, நான் காட்டுகிறேன் என்றேன். வாக்குக் கொடுத்தால் நான் விடுவேனா? எங்கள் லாட்ஜில் வந்து தங்கின மெட்ராஸ்காரர் ஒருவரிடம் விசாரித்து, கடற்கரைக்கு எதிரே நாலாவது மாடி அறை ஒன்றைப் போனிலேயே பிடித்தேன். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "வ்யூ ரூம்தானுங்களே?" ஆமாம் என்றார்கள். நம் மலையில் அது போதும். பள்ளத்தாக்கு தெரிந்தால் வ்யூ ரூம், தெரியாவிட்டால் சாதா ரூம். திசையை யார் கேட்டார்கள்? கடல் என்றால் பொழுது அதில்தானே விழ வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஞாபகமிருக்கிறதா, ஐந்து மணிக்கே இரண்டு நாற்காலியை ஜன்னலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தோம். நீ அந்த மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாய். ஐந்தரை ஆயிற்று. கடல் மெல்ல மெல்லக் கருத்தது. பொழுதைக் காணோம். மேகமாக இருக்கும் என்றேன், உப்புக் காற்றில் அப்படித்தான் மங்கும் என்றேன். வாய்க்கு வந்த விளக்கம் எல்லாம் சொன்னேன். நீ "ஓ, அப்பிடியா" என்று தலையாட்டிக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய்.

காப்பி கொண்டுவந்த பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். "என்னம்மா பாக்குறீங்க, சன்செட்டா? அது பின்னாடிம்மா. உங்க பாத்ரூம் ஜன்னல்ல தெரியும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஊரில் யாருக்கு எந்த அறை என்று ஒரு பார்வையில் சொல்கிறவள் நான். நீயோ பாத்ரூமுக்குள் ஓடி, பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்றாய். "அம்மிணி, ஓடியா. தண்ணி டேங்குக்குப் பொறத்தால போகுது. நம்மூர்ல மலை, இங்க டேங்கு. எங்க போனாலும் ஒளிஞ்சுக்கத்தான் செய்யுது" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். நான் வரவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன்.

மறுநாள் விடியும் முன்னே என் தோளைத் தொட்டாய். "அம்மிணி, எந்திரி, வந்து பாரு" என்றாய். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும்வரை சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகும் ஒரு தடவை கேட்டாய். "வாசல்ல போற பஸ்ஸுல ஏறிக் கோழிக்கோடு போலாமா? அங்க உழுகுதாமா." சீசன் முடியட்டும் அக்கா என்றேன். சீசன் முடிந்தது. மழை விடட்டும் என்றேன். அந்த மழையில்தான் காய்ச்சல் என்று படுத்தாய். மழை விட்டபோது நீ இல்லை. சீசனையும் மழையையும் சாக்குச் சொன்னேன் அக்கா, உண்மையில் எனக்கு வெட்கம். இன்னொரு தடவை உன் முன்னால் தோற்க மனசில்லை.

மலையை விட்டு நீ ஊர் பார்க்கக் கிளம்பினது அந்த ஒரே தடவைதான். அதை நான் கெடுத்துவிட்டேன் என்கிற எண்ணம் இந்த ஒரு வருஷமாக என்னைத் தின்றுகொண்டே இருந்தது. படுக்கை விரிக்கும்போது, சாவி எடுத்துக் கொடுக்கும்போது எல்லாம் அதே நினைப்பு. ஒரு நாள் தங்க வந்தவர்கள் "சன்செட் தெரியுமா" என்று கேட்க, நான் சாவியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இன்றைக்குப் பார்த்தோம் அக்கா. ஜன்னலை விட மணலில் நின்று பார்ப்பது நல்லது என்று கீழே போனோம். மாமா உப்பிலிட்ட நெல்லிக்காய் வாங்கித் தந்தார். ஆறு மணி சுமாருக்குப் பொழுது சிவந்து, அடியில் கொஞ்சம் நசுங்கி, தண்ணீரைத் தொட்டது. ஒளியவில்லை. எதற்குப் பின்னாலும் போகவில்லை. நீ சொன்ன மாதிரியே விழுந்தது. கடைசித் துண்டு ஒரு நகக்கண் அளவு இருந்து சட்டென்று போய்விட்டது. நான் கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது.

"மாமா, அக்காவ இங்க கூட்டிட்டு வந்திருக்கோணுமுங்க. கூறுகெட்டுப் போயி மெட்ராஸுக்கு இழுத்துட்டுப் போயிட்டனுங்க" என்றேன்.

மாமா நெல்லிக்காய்க் கொட்டையைத் துப்பிவிட்டு, "அவளுக்குத் தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"கெழக்குக் கடல்ல பொழுது மொளைக்கும், உழுகாதுன்னு. தேயில லாரியோட நான் இங்க எத்தன வாட்டி வந்துருப்பேன். நீங்க கெளம்பறதுக்கு மின்னாடியே அவகிட்ட சொன்னேன், கனகுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லீருன்னு. நீங்க சும்மா இருங்கன்னுட்டா."

ஏன் என்பதையும் உன் வார்த்தையிலேயே அவரே சொன்னார்.

"வருசம் பூரா ஊரான் படுக்கைக்கு உறை மாத்தறவ எந்தங்கச்சி. ஒரு நாளாச்சும் அவ லாட்ஜுல காலு நீட்டிப் படுக்கோணும், வேற ஒருத்தர் அவளுக்குக் காப்பி கொண்டாந்து குடுக்கோணும், நான் அதப் பாக்கோணும். பொழுது எங்க உழுந்தா என்ன, அப்பிடின்னு சொன்னா."

நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை அழுத்தம் உனக்கு. தெரிந்தேதான் ஜன்னலுக்கு நேரே நாற்காலி போட்டாயா? நான் அளந்த கதைக்கெல்லாம் தெரிந்தேதான் தலையாட்டினாயா? அந்தப் பெரியவர் காப்பி டம்ளரை என் கையில் கொடுத்தபோது நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்? எனக்கு ஞாபகமே இல்லை. நான் கடலை முறைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா இன்னொன்றும் சொன்னார். அன்று விடிகாலை நீ தனியாக ஜன்னலில் நின்று, கடலுக்குள்ளிருந்து பொழுது ஏறி வருவதை முழுசாகப் பார்த்தாயாம். "தங்கச்சிய எழுப்புனேன், நல்லாத் தூங்கறா, தூங்கட்டும்னு உட்டுட்டேன்" என்று ஊருக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னாயாம்.

அக்கா, இதை மாமாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நான் அன்று தூங்கவில்லை. நீ எழுப்பினது எனக்கு நன்றாகவே கேட்டது. போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தேன்.

சீசன் வருவதற்கு முன்னால் மெட்ராஸ் போகிறேன். அதே லாட்ஜ், அதே நாலாவது மாடி, அதே அறை. இங்கிருந்தே போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. கிழக்கு ஜன்னல்தானே என்று இரண்டு தடவை கேட்டேன், அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தார். இரண்டு நாற்காலி போடுவேன். காப்பி கொண்டுவந்து கொடுத்தால் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடிப்பேன், கூச்சப்பட மாட்டேன். விடிவதற்கு முன்னால் என் தோளைத் தொடு. முதல் தடவையிலேயே எழுந்துவிடுவேன்.

நீ தூங்கட்டும் என்று விட்ட
உன் தங்கச்சி கனகு