உசியா ராஜாவின் நெற்றி

என் அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கேயும் சுகம்தான், உடம்புக்கு மட்டும். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையிடம் காட்டாதே, வெட்கமாக இருக்கிறது.

அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்று உனக்குத் தெரியும். புதுப் போதகர் நேராகவே சொல்லிவிட்டார், தம்பியோட சமாதானமாயிட்டு அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வாங்கய்யா என்று. உங்கப்பா கேட்கிற ஆளா? அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாருக்கும் முன்னால் போய் முழங்கால் போட்டார். போதகர் இவருக்குக் கொடுக்காமல் தாண்டிப் போனதுதான் தாமதம், விறுவிறுவென்று எழுந்து பீடத்தைச் சுற்றியிருக்கிற கிராதிக்கு உள்ளே போய், மேஜையில் இருந்த ரசப் பாத்திரத்தைத் தானே எடுத்துக் குடித்துவிட்டார். இது நான் இழைச்ச மேஜை, நான் அடிச்ச கிராதி, என்னைத் தள்ளி வைக்க இங்க ஒருத்தனுக்கும் அதிகாரம் இல்ல, மேல இருக்கறவருக்கும் இல்ல என்று ஒரே சத்தம்.

புதன்கிழமை காலையில் முகம் கழுவும்போது பார்த்திருக்கிறார், நெற்றியில் முடி தொடங்குகிற இடத்தில் தோல் உரிந்து ஒரு ரூபாய் அளவுக்கு வெளுத்திருந்தது. உசியா ராஜா கதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆசாரியர்கள் செய்ய வேண்டியதை நானே செய்வேன் என்று தூபகலசத்தோடு ஆலயத்துக்குள் புகுந்த ராஜா, தடுத்தவர்கள்மேல் சீறிக்கொண்டு நிற்கும்போதே நெற்றியில் குஷ்டம் வந்து, சாகும்வரை தனி வீட்டில் கிடந்தானே, அந்தக் கதை. அப்பா தட்டையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் தன் தச்சுப் பட்டறைக்குப் போய்விட்டார். கிட்ட வராதே, சோத்தை வாசல்ல வச்சிட்டுப் போ என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால், டாக்டர் என்ன ஆண்டவரைவிடப் பெரியவரா என்கிறார். கேட்டாயா, யார் வாயிலிருந்து!

இனி நான் சொல்வதற்கு என்னைத் திட்டு. சனிக்கிழமைதோறும் அவருக்கு ஹேர் டை பூசிவிடுவது நான்தானே. அந்த வாரம் வழக்கமானது கிடைக்காமல் வேறு பாக்கெட் வாங்கியிருந்தேன், கையுறையும் போடவில்லை. என் விரல் நுனிகளும் அப்படியே உரிந்து வெளுத்திருந்தன. அவர் நெற்றியைப் பார்த்தவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரரும் டை ஒத்துக்கலம்மா, பத்து நாள் களிம்பு போடுங்க என்றார். என் விரலுக்குப் போட்டுக்கொண்டேன், அவரிடம் வாயைத் திறக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் போட்ட ஆட்டத்துக்குக் கொஞ்சம் பயப்படட்டும், அப்படியாவது தம்பி வீட்டுப் படி ஏறட்டும் என்று இருந்துவிட்டேன். பொய் சொல்லமாட்டேன், அவர் குரல் தணிந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை.

நேற்றுச் சாயங்காலம் சாப்பாடு வைக்கப் போனவள் பட்டறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, உணர்ச்சி இருக்கிறதா என்று அந்த இடத்தை ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் வடிந்தது, துடைத்துவிட்டு மறுபடி குத்தினார். உள்ளே ஓடி என் விரல்களை நீட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். எப்பத் தெரியும் உனக்கு என்று மட்டும் கேட்டார். முதல் நாளே என்றேன். நான் ஒரு நிமிஷம்தான்டி ஆண்டவருக்கு மேல நின்னேன், நீ ஒன்பது நாள் அவர் நாற்காலியிலேயே உக்காந்திருக்கே என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பயம் தெளிந்துவிட்டது, இனி போதகரிடம்தான் சண்டைக்குப் போவார் என்று வாசலிலேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துச் சித்தப்பா போன் செய்தார். அண்ணன் இங்கதான் இருக்கார், எம் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே இருக்கார், என்ன ஆச்சு அண்ணி என்று கேட்டார்.

அப்பாவுக்குப் போன் பண்ணு. டையைச் சொல்லிச் சிரித்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, முதலில் வேண்டாம் என்றேனே, இந்தக் கடிதத்தையும் காட்டிவிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. வருகிற ஞாயிறு திருவிருந்து, அப்பா தம்பியோடு போகிறாராம். நான் போகவில்லை, எனக்காக ஜெபம் பண்ணிக்கொள்.

உன் அம்மா