அந்த வரிக்குப் பக்கத்தில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் எண்ணைப் பார்த்தால் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கிழிப்பதானாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறுவதை விட்டுவிட்டாள். ஆனால் உன் அறைச் சன்னலைத் தினமும் திறந்து வைக்கச் சொல்லி என் உயிரை எடுக்கிறாள். நான்தான் ஏறி இறங்குகிறேன்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த ஆஸ்பத்திரிக் கணினி அறையில் உன் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார், பார்ப்பதுதான் இல்லை. போன வாரம் சர்வரின் அடிப்படை மென்பொருளான கெர்னலின் அமைப்புகள் இருக்கும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த எண் ஏன் இவ்ளோ பெரிசா இருக்கு, யாரோ தப்பா அடிச்சிருக்காங்க போல, எடுத்துடவா" என்று கேட்டார். தொடாதீர்கள் என்று தடுத்தேன். போன வருடம் நீ எடுத்த அதே வரி.

அவர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். நீ எடுத்த அன்று நான் விடுப்பில் இருந்தேன். சர்வரை அணைத்து மறுபடி போட்டதும், பரிசோதனை முடிவுகள் இருக்கும் தரவுத்தளம் நினைவகம் போதாமல் எழவேயில்லை. அரை நாள் ஆய்வுக்கூடமே நின்றது.

தரவுத்தளத்துக்கு அவ்வளவு நினைவகம் வேண்டும் என்று அந்த எண்ணைக் கூட்டி வைத்தது நான். காரணத்தை எழுதியும் வைத்தேன், கையேட்டின் நூற்று நாற்பதாம் பக்கத்தில். "அக்கா, மாத்துற இடத்துலயே எழுதி வை, மாத்துறவன் கண்ணு அங்கதான் இருக்கும்" என்று நீ எத்தனை தடவை சொன்னாய். அமைப்புக் கோப்பில் கதை எழுதக் கூடாது, அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். விசாரணையில் என்னைக் கேட்டபோது, "கையேட்டுல இருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ சொன்னதையும் நான் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேனடா. அந்த ஒரு வாக்கியத்தில் உன் வேலை போனது.

இப்போது கோப்பில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஏன் வைத்தோம், எடுத்தால் என்ன ஆகும் என்று எழுதிவிட்டேன். மூன்று நாள் பிடித்தது. நடந்ததை மேலாளரிடமும் எழுதிக் கொடுத்தேன். பழசை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு மேசைக்குள் போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் அப்பா இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லும்மா, வேலைன்னா கவனம் வேணும்னு" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அதே நினைப்போடு போய்ச் சேர்ந்துவிட்டார். நீ வந்து ஒரே நாளில் திரும்பினாய். பேருந்து நிறுத்தம் வரை உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன், அப்போதும் வாய் வரவில்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, உன்னிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவை மட்டும் நீயே கூப்பிட்டுப் பேசு. நீங்கள் பேசும்போது நான் அவள் அறையில் இருக்க மாட்டேன்.

இன்னமும் அப்படிச் சொல்லிக்கொள்ள விடுவாயானால்,
உன் அக்கா