அப்பா வெளியேறினார் என்று திரை சொன்னது

டுலூத், மினசோட்டா
மே மாதக் கடைசி வியாழன்

அன்புத் தம்பி ரோலண்டுக்கு,

அக்கா மார்னி எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம், டேலின் முழங்காலைத் தவிர. டாக்டர் ஏணியில் ஏறக் கூடாது என்றார். அன்றைக்கே ஏறிக் கூரைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். நான் திட்டுவதும் அவர் காது கேளாதவர் போல் இருப்பதும் வழக்கம்போல் நடக்கிறது.

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் ஏரியில் வீசிவிடத் தோன்றும். வீசாதே. என் போனை நீ எடுப்பதில்லை, அனுப்பும் செய்திகளைத் திறப்பதும் இல்லை. அதனால்தான் ஓடும் கப்பலுக்கே தபால் கொண்டு வரும் டெட்ராய்ட் தபால் படகை நம்பிக் காகிதத்தில் எழுதுகிறேன். வாளியில் போட்டுக் கயிற்றால் மேலே இழுக்கும் தபாலில் நீ வேண்டாதது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

போன தடவை உன் கப்பல் இங்கே தாது ஏற்ற வந்தபோது கால்வாய்ச் சுவரோரம் நின்றேன். வழக்கமாகச் சமையலை அப்படியே விட்டுவிட்டு, கப்பல் அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு வந்து கரண்டியை ஆட்டுவாய். இந்த முறை கதவு மூடியே இருந்தது. பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரி, உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கப்பலில் இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். இருக்கிறான் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் பங்கு எவ்வளவு என்று உனக்குப் புரியும்.

நீயும் ஷானனும் பிரிந்தபோது, இருவரும் நேரே பேசிக்கொள்ள வேண்டாம், குழந்தை டெல்லாவோடு நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவது, பிரிந்த பெற்றோருக்கென்றே எங்கள் கம்பெனி நடத்தும் சைட் வழியாகவே நடக்கட்டும் என்று முடிவானது. நம் அக்கா கட்டிய சைட்தானே என்று நீ சந்தோஷப்பட்டாய். அங்கே லாகின் சம்பந்தப்பட்ட வேலை முழுக்க என்னுடையது.

போன வருஷம் ஒருவன் தன்னைப் பிரிந்த மனைவியின் கணக்கில் திருட்டுத்தனமாக நுழைந்து, அவள் வக்கீலுக்கு எழுதியதையெல்லாம் படித்துவிட்டான். முதலாளி க்ளென் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் வழி சொன்னேன். ஒருவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்ததும் சைட் அவருக்கு ஒரு டோக்கன் கொடுக்கும். அது கையில் இருக்கும்வரை மறுபடி எதுவும் கேட்காது. அந்த டோக்கனை, அவர் எந்த இணைய முகவரியிலிருந்து வந்தாரோ அதோடு முடிச்சுப் போட்டேன். அதே டோக்கன் வேறு முகவரியிலிருந்து வந்தால் திருடன் என்று அர்த்தம், பிடித்து வெளியே தள்ள வேண்டியது. திரும்பத் திரும்ப நடந்தால் கொஞ்ச நேரம் கதவையே பூட்டிவிட வேண்டியது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். வெட்கமில்லாமல் இரண்டாவது துண்டும் வாங்கித் தின்றேன்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. என் மேஜையில், சுவரிலிருந்து வரும் ஒரே கம்பியில், அசையாமல் உட்கார்ந்து சோதித்தேன். யோக்கியமான மனிதர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று என் புத்திக்குப் பட்டிருக்கிறது. கூடப் பிறந்தவன் வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் நகர்ந்துகொண்டே இருக்கிறான். கப்பல்கள் போகும் வழியைக் காட்டும் இணைய வரைபடத்தில் தினமும் காபி குடிக்கும்போது உன் கப்பல் எங்கே போகிறது என்று பார்க்கிறவள் நான். அப்படியும் தோன்றவில்லை.

டெட்ராய்ட் ஆற்றில் ஒரு கரை நம்முடையது, எதிர்க்கரை கனடா. உங்கள் கப்பலில் உள்ள இணையப் பெட்டி எந்தக் கரையின் சிக்னல் பலமோ அதைப் பிடிக்கும். இரண்டும் விலகினால் செயற்கைக்கோளுக்குத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் உன் முகவரி மாறியது. ஒவ்வொரு முறையும் நான் நிறுத்தி வைத்த காவல்காரன் உன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒருவர் தானாகவே லாகவுட் செய்தால் எதிரே இருப்பவரின் திரையில் ‘வெளியேறினார்’ என்று வரும். தள்ளப்பட்டவருக்கு என்ன போடுவது? அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு வீட்டுக்குப் போக அவசரம். அதே சொல்லையே போட்டுவிட்டேன். உள்ளே பதிவாவதும் அதே சொல்தான். டெல்லா தன் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் முகம் நின்றுபோகும். கீழே ‘அப்பா வெளியேறினார்’ என்று வரும். மறுபடி வருவாய், மறுபடி அதே வரி வரும். குழந்தை என்னவென்று நினைக்கும்?

ஏப்ரலில் ஒரு நாள் ஷானன் எனக்குப் போன் செய்தாள். ‘மார்னி, கோவிச்சுக்காத. அந்த சைட்ட கட்டினவ நீ. அதுவா ஆள வெளிய தள்ளுமா, இல்ல அவரா எந்திரிச்சுப் போறாரா? புள்ள பாதிப் பேச்சுல அழுதுட்டு மேல போயிடுறா’ என்றாள். நான் பதிவுகளைத் திறந்தேன். வெளியேறினார், வெளியேறினார், வெளியேறினார். நான் எழுதி வைத்த சொல்லை நானே நம்பினேன். ‘அதுவா தள்ளாது ஷானன், அவன்தான் போயிருக்கணும்’ என்று சொல்லிவிட்டேன்.

பிறகு உன்னை அழைத்தேன். குடித்தாயா என்றுகூட நான் கேட்கவில்லை. ‘எவ்வளவு குடிச்ச?’ என்று கேட்டேன். நீ, ‘மார்னி, சத்தியமா ஒரு சொட்டு தொடல. ஆத்துல போறோம். பாஸ்வேர்டு போட்டுப் போட்டு விரல் தேயுது, உள்ள விடவே மாட்டேங்குது’ என்று கெஞ்சினாய். ‘ஆமா, பாட்டிலுக்குள்ள என்னிக்கு சிக்னல் கிடைச்சிருக்கு’ என்றேன். சொல்லிவிட்டு, நன்றாகச் சொன்னோம் என்று மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. நீ போனை வைத்துவிட்டாய். இரண்டு குளிர்காலத்தை ஒரு கோப்பையும் தொடாமல் தாண்டியவனிடம் பேசிய பேச்சு அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

என் ஒரு வார்த்தையால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நின்றது. ஜூலையில் டெல்லா உன்னோடு கப்பலில் ஒரு நடை வருவதாக இருந்ததும் நின்றது. அவளுக்காக அடுப்படியில் சின்ன ஏப்ரன் வாங்கி மாட்டியிருக்கிறாய் என்று டேல் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உண்மை எனக்குத் தெரிந்தது என் புத்திசாலித்தனத்தால் அல்ல. டேலின் அத்தையைப் பார்க்க ஹிப்பிங் போய்க்கொண்டிருந்தோம். காரில் உட்கார்ந்தபடி க்ளெனோடு சைட்டில் ஒரு வீடியோ பேச்சைச் சோதித்துக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் சிக்னல் அறுந்து திரும்ப வந்ததும் பாஸ்வேர்டு கேட்டது. உடனே க்ளென் போனில் கூப்பிட்டு, ‘என்ன மார்னி, கோவிச்சுக்கிட்டு போயிட்டியா? வெளியேறினார்னு வருது’ என்று சிரித்தார். ‘நான் எங்க போனேன், கார்லதான இருக்கேன்’ என்றேன். டேல் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார். அதிகம் வாய் திறக்காத மனிதர், ‘இதத்தான ரோலியும் சொன்னான்?’ என்று மட்டும் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

முடிச்சை அவிழ்த்துவிட்டேன். இனி முகவரி மாறினால் யாரையும் தள்ளாது. சந்தேகம் வந்தால் இருந்த இடத்திலேயே பாஸ்வேர்டு கேட்கும், பேச்சு அறாது. சத்தமில்லாமல் சரி செய்துவிட்டு விடு, வெளியே சொன்னால் அத்தனை வக்கீலும் வாசலில் வந்து நிற்பார்கள் என்றார் க்ளென். லாரி ஓட்டுகிற அப்பாக்கள், பஸ்ஸில் போய்க்கொண்டே பேசுகிற அம்மாக்கள் எத்தனை பேர் ‘வெளியேறினார்களோ’ தெரியவில்லை. நான் என் பெயர் போட்டே எழுதி, உங்கள் பிரிவில் சமரசம் பார்க்கும் அந்த அதிகாரி அம்மாளுக்கும் ஷானனுக்கும் அனுப்பினேன். க்ளென் என்னோடு பேசுவதில்லை. வேலை போனால் போகட்டும். டேல்தான் பாவம், ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஷானன் லேசில் நம்பவில்லை. ‘அன்னிக்கு அப்படி சொன்ன, இன்னிக்கு இப்படி சொல்ற. தம்பிக்காக பேசுறியா, உண்மைய பேசுறியா, நான் எப்படிக் கண்டுபிடிக்க?’ என்றாள். கடைசியில், பழைய காவல்காரனைச் சோதனைக்காக மட்டும் மறுபடி நிறுத்தி, அவளையே போனோடு காரில் ஏற்றி டூ ஹார்பர்ஸ் பக்கம் ஓட்டிப் போனேன். வீட்டில் டெல்லா திரையின் முன்னால் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். பாறைத் திருப்பத்தில் பேச்சு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் டெல்லா போனில் கூப்பிட்டு, ‘அம்மா, நீ வெளியேறிட்டன்னு வருது, எங்கம்மா போன?’ என்றாள். ஷானன், ‘எங்கயும் போகலடி’ என்றாள். வீடு வந்து இறங்கும்போது, ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடச் சொல்லு என்றாள். ஜூலைப் பயணம் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

டெல்லா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். ‘அத்தை, அப்படி வரும்போது அப்பாவுக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்?’ என்று கேட்டாள். ‘அப்பாவோட திரையில உன் முகம் அசையாம நிக்கும், அப்புறம் பாஸ்வேர்டு கேக்கும்’ என்றேன். ‘அப்பா போட்டாரா?’ என்றாள். ஒவ்வொரு தடவையும் போட்டார், பூட்டிய கதவில்கூடப் போட்டுக்கொண்டே இருந்தார் என்றேன். தலையைத் தலையை ஆட்டினாள். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அது நியாயம்தான்.

ரோலி, என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உன் கோபம் உன்னிடமே இருக்கட்டும், அதற்கு உனக்கு உரிமை உண்டு. போனில் என்னைத் தடுத்தே வைத்திரு. ஆனால் வருகிற ஞாயிறு மாலை, வேலை எவ்வளவு இருந்தாலும், அவளைக் கூப்பிடு. அடுப்பில் சூப் தீய்ந்தால் தீயட்டும், ஒரு நாள் மாலுமிகள் ரொட்டியைத் தின்னட்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், குடிக்கவில்லை, சத்தியமாகக் குடிக்கவில்லை என்று ஆரம்பித்துவிடாதே, கண்ணே. அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்டது நான் ஒருத்திதான்.

உனக்கும் குழந்தைக்கும் எல்லா நன்மையும் கிடைக்கட்டும்.

உன் அக்கா,
மார்னி