கருகிய தக்காளித் தொட்டி

ஏரம்பு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்பவர். விவசாயப் பாடசாலையில் படித்த அவருடைய மகன் பாலன் ஐந்து மாதத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனான். வீட்டுப் பின்பக்கத்தில் மண்ணே இல்லாமல், சரளைக்கல் நிரப்பிய தொட்டியில், உரம் கரைத்த மழைத்தண்ணீர் ஊற்றி அவன் வளர்த்த தக்காளிச் செடிகள் மிஞ்சின. அவற்றைத் தாய் அன்னபாக்கியம் பார்த்துவந்தாள்.

"செத்தவன் செடியில திரும்பி வருவானோ?" என்று ஏரம்பு ஒருநாள் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவள் அவரோடு தேவைக்குத்தான் கதைத்தாள்.

தண்ணீரூற்று என்ற ஊரிலுள்ள தன் தங்கை வீட்டுக்குப் புறப்படும்போதும் அவள், "வாளிக்கு ஒரு கரண்டி உரம். கிணத்துத் தண்ணி உவர், விடாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அவள் திரும்பிவரும் நாள் காலையில் ஏரம்பு கொப்பித் தாளொன்றைக் கிழித்து எழுதினார்.

"அன்னம், சோறும் மீன்குழம்பும் குசினியில மூடிக் கிடக்கு. நான் வயலுக்குப் போறன். பொழுதுபடத்தான் வருவன்.

பீப்பாயில மழைத்தண்ணி முடிஞ்சுது. கிணத்துத் தண்ணிதான் விட்டனான். செடி வாடிச்சுது. உரம் காணாதாக்கும் எண்டு மூண்டு கரண்டி போட்டிட்டன். இலையெல்லாம் கருகிப்போச்சு. நல்ல தண்ணி அள்ளிவந்து கல்லெல்லாம் கழுவிப் பாத்தன். ஒண்டும் தப்பேல்லை. வேணுமெண்டு செய்யேல்லை."

சீட்டை மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலைவரை போனவர், திரும்பி வந்தார். தாளின் அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினார்.

"வயலுக்குப் போகேல்லை. தொட்டியடியில இருக்கிறன். பிள்ளையை நினைச்சுத் தனிய அழ ஏலாமக் கிடக்கு. வா."